முதல் முறையாக ரேஸ் டிராக்கில் சொந்த பைக்கை ஓட்டப் போகிறீர்களா? கிளம்பும் முன் படித்துவிடுங்கள்

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் சொந்த பைக்கை ஓட்ட ஆசைப்பட்டு விசாரிக்கத் தொடங்கியபோது, ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகவே இல்லை. பணம் வாங்கிக்கொண்ட பயிற்சிக்காரர்களிடம் வண்டியில் எதைக் கழற்ற வேண்டும், என்ன பேப்பர் வேண்டும், இன்சூரன்ஸ் என்ன ஆகும் என்று கேட்டால், "வாங்க சார், அங்க வந்து பாத்துக்கலாம்" என்று முடித்துவிட்டார்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ள முடியாத விஷயங்கள்தான் இதில் அதிகம். போடும் லெதர் சூட் தோளில் இறுக்குகிறது என்று காலை ஏழு மணிக்குத் தெரிந்தால் யாரிடம் போய் மாற்றுவது? பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது என்று ஸ்க்ரூட்டினியில், அதாவது ஓட்டும் முன் நடக்கும் வண்டிச் சோதனையில், சொன்னால் கட்டிய பணம் போனது போனதுதான்.

அதனால் எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். 150 சிசியிலிருந்து 400 சிசி வரை ஏதோ ஒரு பைக் வைத்திருந்து, தினமும் ஆபீசுக்கோ கல்லூரிக்கோ ஓட்டி, ரேஸ் அனுபவம் எதுவுமே இல்லாதவர்களுக்காக இது. போட்டியில் கலந்துகொள்வது வேறு கதை. அதற்கு எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பு) லைசென்ஸ் எடுக்க வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், வண்டி விதிகளும் வேறு. போட்டியில்லாமல் நம் வண்டியை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளான டிராக் டேக்கு அதெல்லாம் தேவையில்லை.

1. எங்கே, யார் மூலமாகப் போவது

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லி தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். பெயர் மாறினாலும் ஓட்டுகிறவர்கள் இன்னும் எம்எம்ஆர்டி (மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக்) என்றுதான் சொல்கிறார்கள். ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது.

நேராகப் போய் கேட்டில் பணம் கட்டிவிட்டு உள்ளே ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். பயிற்சிப் பள்ளிகள், பைக் கம்பெனிகள், ரைடர் குழுக்கள் ஆகியோர் டிராக்கை நாள் கணக்கில் வாடகைக்கு எடுத்து, அதில் நமக்கு இடம் தருவார்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று பயிற்சி நாள்: காலையில் வகுப்பு, அப்புறம் டிராக், மறுபடி வகுப்பு என்று போகும், பின்னாலேயே ஒரு பயிற்சியாளர் வந்து பார்ப்பார். இன்னொன்று ஓப்பன் டிராக் டே: செஷன் நேரம் கொடுப்பார்கள், ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான், சொல்லித்தர ஆள் கிடையாது. முதல் தடவை போகிறவர்கள் தயவுசெய்து பயிற்சி நாளுக்கே போங்கள். ஓப்பன் டிராக் டே மலிவு என்று பார்த்துப் போனால், அனுபவசாலிகள் பக்கத்தில் உரசிக்கொண்டு போகும்போது எந்த லைனில் (டிராக்கில் வண்டி போக வேண்டிய பாதையில்) நிற்பது என்றே தெரியாமல் நாள் முழுக்கப் பயந்துகொண்டு ஓட்டிவிட்டு வருவீர்கள்.

உள்ளூர் ரேஸர்கள் நடத்தும் பள்ளிகள் சென்னையிலேயே இருக்கின்றன. கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல்கூட இங்கே வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. சொந்த வண்டி இல்லாதவர்கள், அல்லது வண்டியை அடிபட விட மனசு வராதவர்கள், பள்ளியின் வண்டியே தரப்படும் வகுப்பாகத் தேடுங்கள். கட்டணம் கூடும், ஆனால் விழுந்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோவைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சுற்று 2.1 கிலோமீட்டர்தான், நெருக்கமான திருப்பங்கள், 150, 200 சிசி வண்டிகளுக்கு அருமையான இடம். வேகம் அதிகம் ஏறாததால் முதல் நாளுக்கு மிகவும் ஏற்றது என்பது என் அபிப்பிராயம். நொய்டா பக்கம் இருக்கும் புத் சர்க்யூட் 5.125 கிலோமீட்டர், 2023இல் மோட்டோ ஜிபி நடந்த இடம். ஆசை இருக்கும்தான், ஆனால் நீண்ட நேர்பாதை உள்ள அந்த டிராக்கில் சின்ன வண்டியோடு போய் முதல் பாடம் கற்க வேண்டாம்.

எந்த மாதம் என்பதையும் பாருங்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் மழை. பணம் கட்டிய நாளில் மழை வந்தால் திருப்பித் தருவார்களா, வேறு தேதி தருவார்களா என்று பதிவு செய்யும் முன்பே கேளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் தாங்காது. ஜனவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை கிடைத்தால் விடாதீர்கள். வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் குறைந்தது ஒரு மாதம் முன்னால் விசாரிக்கத் தொடங்குங்கள். வண்டி வேலை, உடுப்பு, இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மாதம் வேண்டும்.

2. மொத்தம் எவ்வளவு ஆகும்

விளம்பரத்தில் போட்டிருக்கும் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் கையைக் கடிக்கும். நான் விசாரித்த அளவில், சொந்த வண்டியோடு உள்ளூர்ப் பள்ளியில் ஒரு நாள் பயிற்சி சுமார் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய் வரை. வெளிநாட்டுப் பள்ளிகள் இதைப்போலப் பல மடங்கு. லெதர் சூட் வாடகை ஒரு நாளைக்கு இரண்டாயிரத்தை ஒட்டி. பூட், கிளவுஸ் தனி வாடகையாக இருக்கலாம். வண்டியை ஏற்றிப் போக குட்டி யானை பிடித்தால் போக வர, நாள் முழுக்கக் காத்திருப்பதையும் சேர்த்து நான்காயிரம், ஐந்தாயிரம். சர்வீஸ், பிரேக் ஆயில், பேட் என்று இரண்டு மூன்றாயிரம். டயர் மாற்ற வேண்டி வந்தால் அது தனியாகப் பத்தாயிரத்தைத் தாண்டும்.

பெட்ரோலையும் குறைத்து எடைபோடாதீர்கள். ரோட்டில் 30 கொடுக்கும் வண்டி டிராக்கில் அதில் பாதி கொடுத்தால் பெரிய விஷயம். வரும் வழியில் நெடுஞ்சாலை பங்கிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். தனியாக எடுத்துப் போவதென்றால் இரும்பு கேன் வேண்டும், பிளாஸ்டிக் பாட்டிலில் பங்கில் ஊற்ற மாட்டார்கள்.

இதற்கெல்லாம் மேலே, விழுந்தால் செலவழிக்க ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். ஃபேரிங் (பிளாஸ்டிக் மேலுறை) உள்ள வண்டி என்றால், திருப்பத்தில் டயர் வழுக்கிச் சாய்ந்த பக்கமே விழும் ஒரு சாதாரண லோ-சைடுக்கே ஃபேரிங், ஹேண்டில்பார், லீவர், ஃபுட்பெக் என்று பதினைந்து, இருபதாயிரம் சுலபமாகப் போகும். அந்தத் தொகை கையில் இல்லாத மாதத்தில் டிராக்குக்குப் போகாதீர்கள், அடுத்த மாதம் போகலாம்.

3. பேப்பர்களும் இன்சூரன்ஸும்

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஓட்டுநர் உரிமம், ஆர்சி, வண்டி இன்சூரன்ஸ், ஆதார், உடல்நலக் காப்பீட்டு அட்டை. நகல் ஒரு செட், அசல் ஒரு செட். போனில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், சூட் போட்ட பிறகு போன் உங்களிடம் இருக்காது. ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண், ஏதாவது மருந்து ஒவ்வாமை இருந்தால் அது, இவை மூன்றையும் ஒரு தாளில் எழுதி உங்களோடு வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் விட மாட்டார்கள்.

அங்கே ஒரு உறுதிமொழிப் படிவம் தருவார்கள். எனக்கு ஏதாவது ஆனால் அமைப்பாளரோ டிராக்கோ பொறுப்பல்ல என்பதுதான் அதன் சாரம். கையெழுத்துப் போடாமல் ஓட்ட முடியாது. ஆனால் காலை அவசரத்தில் அதைப் படிக்காமல் போடுவதைவிட, இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். டிராக்கில் ஏற்படும் சேதத்துக்கு, உதாரணமாக தடுப்பு உடைந்தாலோ தார் மேல் ஆயில் கொட்டினாலோ, யார் பணம் கட்டுவது என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி முக்கியமான சங்கதி. உங்கள் வண்டி இன்சூரன்ஸ் டிராக்கில் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாலிசியை எடுத்து 'லிமிட்டேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' என்ற பகுதியைப் படியுங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட ரேஸ், வேகச் சோதனை, பேஸ் மேக்கிங் போன்றவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் காப்பீடு இல்லை என்று அதில் தெளிவாக அச்சிட்டிருக்கும். பம்பர் டு பம்பர் எடுத்திருந்தாலும் இதே கதைதான். டிராக்கில் விழுந்ததை ரோட்டில் விழுந்ததாகச் சொல்லி கிளெய்ம் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது மோசடி, பிடிபட்டால் பிற்பாடு உண்மையான விபத்துக்குக்கூடச் சந்தேகப்படுவார்கள்.

உடல்நலக் காப்பீடு கொஞ்சம் வேறு மாதிரி. பெரும்பாலான பாலிசிகளில் அபாயகரமான, சாகச விளையாட்டுகள் என்று ஒரு விலக்கு இருக்கும், எண் 09. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது வாசகத்தில் அந்த விலக்கு 'தொழில்முறையாகப் பங்கேற்பவர்' என்ற வரையறையோடு வருகிறது, மோட்டார் ரேஸிங் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அப்படியானால் பொழுதுபோக்காக ஓட்டுகிறவருக்குச் சிகிச்சைச் செலவு கிடைக்க வழி இருக்கிறது என்றுதான் அந்த வரியைப் படிக்கும்போது தோன்றும். தோன்றுவதை நம்பி இருக்காதீர்கள். உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: 'நான் தொழில்முறை ரேஸர் அல்ல, பயிற்சி வகுப்பில் மூடிய டிராக்கில் ஓட்டப் போகிறேன், காயம் பட்டால் கிளெய்ம் உண்டா' என்று. பதில் எழுத்தில் வரட்டும். ஏஜென்ட் போனில் "அதெல்லாம் கவர் ஆகும்" என்பது எதற்கும் உதவாது. தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் ஆயுள் காப்பீட்டையும் இதே கேள்வியோடு பாருங்கள். பதில் வரப் பத்து நாள்கூட ஆகலாம், அதனால்தான் ஒரு மாதம் முன்பே தொடங்கச் சொன்னேன்.

4. உடுப்பு

ஹெல்மெட் முழு முகம் மூடியதாக இருக்க வேண்டும். முகவாய் தூக்கும் மாடுலர் வகையைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. ஐஎஸ்ஐ முத்திரை நம் ஊர் ரோட்டுக்குக் கட்டாயம், டிராக்கில் ஈசிஇ அல்லது ஸ்னெல் என்ற வெளிநாட்டுப் பாதுகாப்புச் சான்றும் கேட்பார்கள். கட்டும் பட்டை டபுள் டி வளையமாக இருந்தால் நல்லது. ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் வேண்டாம்.

சூட் தோலாக இருக்க வேண்டும். ஒரே துண்டு அல்லது இடுப்பைச் சுற்றி முழுக்க ஜிப் போட்டு இணைக்கும் இரண்டு துண்டு. துணியில் செய்த டூரிங் ஜாக்கெட், ஜீன்ஸ் எல்லாம் ஏற்கமாட்டார்கள், அது சரியான விதிதான், தாரில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கினால் துணி சில நொடிகளில் கிழிந்துவிடும். கிளவுஸ் மணிக்கட்டைத் தாண்டி சூட்டின் கைக்கு மேல் ஏறிப் பூட்ட வேண்டும். பூட் கணுக்காலுக்கு மேலே வர வேண்டும். முதுகுக் கவசம் சூட்டுக்குள் இருக்கிறதா, அல்லது வெறும் நுரைத் துண்டு வைத்திருக்கிறார்களா என்று தொட்டுப் பாருங்கள்.

புதிதாக வாங்க நினைத்தால் உள்நாட்டில் தைக்கும் சூட் இருபத்தைந்தாயிரத்திலிருந்து கிடைக்கிறது, வெளிநாட்டு பிராண்டு லட்சத்தைத் தொடும். முதல் நாளுக்கு வாடகையே போதும். ஆனால் அளவு! இதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். எம், எல் என்று சொல்லி முன்பதிவு செய்யாதீர்கள், முடிந்தால் முன்னாலேயே போய்ப் போட்டுப் பாருங்கள். போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றால் இறுக்கிப் பிடிப்பது போலத்தான் இருக்கும், சூட்டே குனிந்து உட்காரும் நிலைக்குத் தைத்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்து, டேங்க் மேல் குனிந்து, முழங்காலை வெளியே நீட்டிப் பாருங்கள். முழங்கால் கவசம் சரியாக முட்டியின் மேல் நிற்கிறதா? முழங்கை மடிக்கும்போது சூட்டின் கை மணிக்கட்டுக்கு மேல் ஏறிவிடுகிறதா? தொளதொளவென்று இருந்தால் விழும்போது கவசம் இடம் மாறிவிடும், அது இறுக்கத்தைவிட மோசம். பெண்களுக்குச் சரியான அளவில் வாடகை சூட் கிடைப்பது இன்னும் கடினம், இரண்டு மூன்று இடங்களில் இப்போதே கேட்டு வையுங்கள்.

உள்ளே பனியன், அரைக்கால் சட்டை போடாதீர்கள். வியர்வையில் சூட்டின் தோல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், கழற்றவே ஒருவர் பிடித்து இழுக்க வேண்டும். உடம்போடு ஒட்டிய முழுக்கை, முழுக்கால் ஸ்கின் ஒன்று எழுநூறு, எண்ணூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டு வாங்குங்கள், மதியத்துக்கு மாற்ற ஒன்று.

5. வண்டியைத் தயார் செய்வது

பெரிய எக்ஸாஸ்ட், சிப், குவிக்ஷிஃப்டர் எதுவும் தேவையில்லை. பிரேக், டயர், செயின், ஆயில் இந்த நான்கும் சரியாக இருந்தால் ஸ்டாக் வண்டியே உங்களைவிட நன்றாக ஓடும்.

பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? ஞாபகமில்லை என்றால் மாற்றுங்கள், உங்கள் வண்டிக்குச் சொன்ன வகையையே, பெரும்பாலும் டாட் 4. பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் பலமாகப் பிரேக் பிடிக்கும்போது சூடாகிக் குமிழி விட்டு, லீவர் கைப்பிடி வரை போய் ஒட்டும். ரோட்டில் வருடக்கணக்கில் தெரியாத கோளாறு டிராக்கில் நான்காவது சுற்றில் தெரிந்துவிடும். பேட் பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஏபிஎஸ் இருக்கட்டும், அணைக்காதீர்கள்.

டயர் வெடிப்பு விட்டிருக்கக் கூடாது, பஞ்சர் ஒட்டியிருக்கக் கூடாது. தயாரிப்புத் தேதி டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கமாக இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஐந்து வருடம் தாண்டிய டயரோடு வராதீர்கள், பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும். காற்று விஷயத்தில் ஒரே அளவு எல்லா வண்டிக்கும் பொருந்தாது. பொதுவாக ரோட்டுக்குச் சொன்னதைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைத்துத் தொடங்கச் சொல்வார்கள், காரணம் ஓட ஓட டயர் சூடேறி அழுத்தம் தானாகவே கூடும். உங்கள் பயிற்சியாளரிடம் உங்கள் டயர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள், பங்கில் இருக்கும் மீட்டரை நம்ப முடியாது. செஷன் முடிந்து பிட்டுக்குள் (டிராக்கை ஒட்டி வண்டிகளை நிறுத்தும் இடம்) வந்த உடனே, டயர் ஆறும் முன், ஒரு தடவை பாருங்கள்.

கழற்றவும் ஒட்டவும் வேண்டியவை: கண்ணாடிகளைக் கழற்றுங்கள், நம்பர் பிளேட்டைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். சைடு ஸ்டாண்டைக் கம்பியாலோ ஜிப் டையாலோ கட்டுங்கள், அப்படிச் செய்தால் நிறுத்துவதற்குச் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு பேடாக் ஸ்டாண்டு வேண்டும், கொண்டு வருகிறவர் யாராவது இருக்கிறாரா என்று முன்பே கேளுங்கள். போன் ஹோல்டர், சேடில் பேக், டேங்க் பேக், கிராஷ் கார்டு எதுவும் வேண்டாம். கிராஷ் கார்டு சாய்க்கும்போது தரையில் தட்டும், விழுந்தால் தாரில் மாட்டி வண்டியைப் புரட்டும். ஹெட்லைட், இண்டிகேட்டர், டெயில்லைட் மேல் நல்ல அகலமான டேப் ஒட்ட வேண்டும். உடைந்தால் துண்டுகள் டிராக்கில் சிதறாமல் இருக்க ஒன்று, உங்கள் பிரேக் லைட்டைப் பார்த்துப் பின்னால் வருகிறவர் பதறிப் பிரேக் பிடிக்காமல் இருக்க இன்னொன்று. பேப்பர் டேப்பாக வாங்குங்கள், மலிவான செல்லோடேப் வெயிலில் உருகிப் பசை பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிடும்.

ஆயில் ட்ரெய்ன் போல்ட், ஃபில்டர், கூலன்ட் குழாய் இவற்றில் கசிவு இருக்கிறதா என்று ஒரு அட்டையை எஞ்சினுக்குக் கீழே ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் ஒரு துளி இருந்தாலும் சரிசெய்துவிட்டுத்தான் வர வேண்டும், அந்தத் துளி பின்னால் வருகிறவரை வீழ்த்தும். சர்வீஸை முந்தின நாள் விடாதீர்கள். பத்து நாள் முன்னால் செய்து, நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள்.

6. வண்டியைக் கொண்டு போவது

சென்னையிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தானே, ஓட்டிக்கொண்டே போகலாம் என்று தோன்றும். போகலாம். திரும்பி வரும்போதுதான் பிரச்சினை. நாள் முழுக்க ஓட்டிய உடம்பில் கையும் தொடையும் வேலை செய்யாது, அதோடு லாரிகள் நிறைந்த நெடுஞ்சாலை. வண்டி விழுந்து ஹேண்டில்பார் வளைந்திருந்தால் ஓட்டவே முடியாது. என் யோசனை, இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன லாரி பேசுங்கள், செலவு பங்காகும். சக்கரத்தை முன்பக்கம் முட்டுக் கொடுத்து, ஹேண்டில்பாரில் அல்லாமல் கீழ் ஃபோர்க் பகுதியில் ராட்செட் பட்டையால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். கயிற்றில் கட்டினால் பத்து கிலோமீட்டருக்குள் தளர்ந்துவிடும்.

ஓட்டிக்கொண்டேதான் போக வேண்டும் என்றால், கண்ணாடியும் நம்பர் பிளேட்டும் அங்கே போய்க் கழற்றிக்கொள்ள ஸ்பேனர் எடுத்துப் போங்கள், ஒரு நண்பரைக் காரில் பின்னால் வரச் சொல்லுங்கள். தனியாகப் போகவே போகாதீர்கள்.

7. காலையில்: ஸ்க்ரூட்டினி, பிரீஃபிங், கொடிகள்

ஏழு மணிக்கு வரச் சொன்னால் ஆறரைக்கே இருங்கள். பதிவு, படிவம், வண்டி சோதனை எல்லாம் முடிந்து ஸ்டிக்கர் ஒட்டினால்தான் டிராக்கில் விடுவார்கள். பிரீஃபிங் தவறினால் அன்றைக்கு ஓட்ட முடியாது, அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது, இருக்கவும் கூடாது.

கொடிகளை வீட்டிலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். மஞ்சள்: முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு: செஷன் நிறுத்தம். பார்த்தவுடன் பிரேக்கை இறுக்கிவிடாமல், கையை உயர்த்தி, மெதுவாக பிட்டுக்கு வாருங்கள். நீலம்: வேகமானவர் பின்னால் வருகிறார். இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை, உங்கள் லைனில் அப்படியே போங்கள். திரும்பிப் பார்ப்பதும் வழிவிடுவதற்காகச் சட்டென்று ஒதுங்குவதும்தான் மோதலில் முடியும், முந்துவது அவர் பொறுப்பு. மஞ்சளில் சிவப்புக் கோடுகள்: தார் வழுக்கும். கருப்பில் ஆரஞ்சு வட்டம்: உங்கள் வண்டியில் கோளாறு, லைனை விட்டு விலகி நிறுத்துங்கள். கருப்பு வெள்ளைக் கட்டம்: செஷன் முடிந்தது, ஒரு சுற்று மெதுவாக வந்து உள்ளே போங்கள்.

கொடி காட்டும், விழுந்தால் உதவிக்கு வரும் டிராக் ஊழியர்களான மார்ஷல்களின் நிலை ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று முதல் சுற்றிலேயே கவனியுங்கள்.

8. முதல் செஷனில்

செஷன் பதினைந்து, இருபது நிமிடம் இருக்கும். குழுவைக் கேட்கும்போது கூச்சப்படாமல் 'புதியவர்' என்று சொல்லுங்கள். வேகமான குழுவில் இடம் வாங்கி என்ன சாதிக்கப் போகிறோம்?

பிட்டிலிருந்து வெளியேறும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும், அதைத் தாண்டாமல் முழுக்கப் போன பிறகே டிராக்கோடு சேர வேண்டும். பிட்டுக்குத் திரும்பும்போது ஒரு திருப்பத்துக்கு முன்பே கையை உயர்த்திவிடுங்கள்.

முதல் இரண்டு சுற்றும் டயர் சூடேற மட்டும். இருங்காட்டுக்கோட்டையில் நேர்பாதை முடிந்ததும் வலதுபக்கமாகத் திரும்பும் முதல் திருப்பமான சி1 வேகமானது, ரோட்டில் பழகிய கண்ணுக்கு அது இன்னும் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். வண்டி நிமிர்ந்து இருக்கும்போதே பிரேக்கை முடித்து, கியரை இறக்கி, அப்புறம் சாயுங்கள். சாய்ந்தபின் பயந்து முன் பிரேக்கை அழுத்துவதுதான் புதியவர்கள் விழுவதற்கு முதல் காரணம். வேகம் கூடுதலாக உள்ளே வந்துவிட்டதாகத் தோன்றினால், பார்வையை வெளியேறும் பக்கம் திருப்பி இன்னும் கொஞ்சம் சாயுங்கள், பெரும்பாலும் வண்டி தாங்கும். புல்லை உற்றுப் பார்த்தால் புல்லுக்குத்தான் போவீர்கள்.

ஒவ்வொரு திருப்பத்துக்கும் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிரேக் தொடங்கும் இடம், வண்டியைத் திருப்பும் இடம், அபெக்ஸ் (திருப்பத்தின் உள் ஓரத்தை ஒட்டிப் போகும் புள்ளி). தாரில் ஒரு ஒட்டு, கெர்ப் (டிராக் ஓரத் திட்டு) தொடங்கும் முனை, ஒரு பலகை என்று அசையாத பொருளாக இருக்க வேண்டும், நிற்கும் கார், நிழல் எல்லாம் உதவாது. சாய்த்ததும் ஆக்சிலரேட்டரை மெல்லிய நூலாகத் திறக்க ஆரம்பித்து, நிறுத்தாமல் கூட்டிக்கொண்டே போங்கள். கைகள் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் வண்டி ஆடும். தொடையால் டேங்கைப் பிடியுங்கள், முழங்கை தளர்ந்து தொங்கட்டும். பயிற்சியாளர் நான்காம் கியரில், பிரேக் இல்லாமல் சுற்றச் சொன்னால் சலிப்பாக நினைக்காமல் அப்படியே செய்யுங்கள். வேகம் பற்றிய யோசனை போய்விடுவதால் லைன் மட்டும் கண்ணுக்குத் தெரியும், எனக்கு இந்த ஒரு பயிற்சியில் கிடைத்த தெளிவு வேறெதிலும் கிடைக்கவில்லை.

லேப் டைமர் வேண்டாம், ஹெல்மெட்டில் கேமரா வேண்டாம். முழங்காலைத் தரையில் தொட வேண்டும் என்ற ஆசையையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், லைனும் வேகமும் சரியானால் முட்டி தானாக இறங்கும். ஒரு செஷன் முழுக்க முன்னால் போகும் ஒருவரின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டிவிடும் ஆபத்தும் உண்டு, அவர் தவறினால் நீங்களும் தவறுவீர்கள். இடைவெளி விடுங்கள்.

ஞாயிறு விடியலில் ஈசிஆரில் போகும் வேகத்தையெல்லாம் இங்கே கொண்டு வந்துவிடுங்கள் என்று ஒவ்வொரு பைக்காரரிடமும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. இங்கே எதிரே பஸ் வராது, மாடு குறுக்கே நிற்காது, விழுந்தால் ஆம்புலன்ஸ் உள்ளேயே நிற்கிறது.

9. வெயிலும் தண்ணீரும்

தோல் சூட்டுக்குள் சென்னை வெயிலில் ஒரு செஷனுக்கே சட்டை பிழிந்தால் சொட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு செஷனுக்கும் இடையே அரை லிட்டராவது, பாதி ஓஆர்எஸ் கலந்து. முந்தின ராத்திரியே நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்குங்கள். மதியம் பிரியாணி வேண்டாம், தயிர்சாதம், வாழைப்பழம், இளநீர் போதும். உள்ளே வந்ததும் சூட்டை இடுப்புவரை இறக்கி நிழலில் உட்காருங்கள். ஒரு குடை, மடக்கு நாற்காலி, ஈரத் துண்டு மூன்றும் அன்றைக்குத் தங்கம்.

மதியத்துக்குப் பிறகான செஷன்களில் விழுகிறவர்கள் அதிகம் என்று மார்ஷல்கள் சொல்வார்கள். உடம்பு களைத்திருக்கும், தைரியம் மட்டும் கூடியிருக்கும். பிரேக் இடம் தவறத் தொடங்கினால், அல்லது அடுத்து எந்தத் திருப்பம் என்று ஒரு கணம் குழம்பினால், அந்தச் சுற்றோடு உள்ளே வாருங்கள். கட்டிய பணத்துக்குக் கடைசி செஷனையும் ஓட்டியே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

10. விழுந்தால்

வண்டியை விட்டுவிடுங்கள், பிடித்துக்கொண்டே போகாதீர்கள். சறுக்கி நிற்கும்வரை எழ முயற்சிக்காதீர்கள். இன்னும் வேகமாகப் போய்க்கொண்டிருப்பது உங்களுக்கே தெரியாது, எழ முயன்றால் உருள ஆரம்பிப்பீர்கள். நின்றதும் வண்டிகள் வரும் பக்கம் பார்த்துவிட்டு, டிராக்கிலிருந்து விலகித் தடுப்புக்குப் பின்னால் போங்கள். வண்டியை எடுக்க ஓடாதீர்கள், அதை மார்ஷல் பார்த்துக்கொள்வார். தலை தரையில் பட்டிருந்தால், ஒன்றும் இல்லை என்று தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டிவிட்டு அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்துங்கள்.

வண்டி லேசாகத்தான் அடிபட்டிருக்கிறது என்றாலும் ஸ்க்ரூட்டினி செய்தவரிடம் மறுபடி காட்டுங்கள். கிளட்ச், பிரேக் லீவர் ஒவ்வொன்று, ஒரு ஃபுட்பெக், ஒரு கியர் லீவர் கைவசம் வைத்திருந்தால் நாள் வீணாகாது. நான்கும் சேர்ந்து ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

11. கிளம்பும் முன், வீட்டுக்கு வந்த பின்

ஓட்டிக்கொண்டு திரும்புகிறவர்கள் கண்ணாடி, நம்பர் பிளேட் மாட்டி, டேப்பைப் பிரித்து, சைடு ஸ்டாண்டின் கட்டை அவிழ்த்து, டயரில் காற்றை ரோட்டு அளவுக்கு ஏற்றிவிட்டுத்தான் கேட்டைத் தாண்ட வேண்டும். நம்பர் பிளேட் இல்லாமல் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் போலீஸ் நிறுத்தினால் டிராக்கிலிருந்து வருகிறேன் என்ற விளக்கம் செல்லாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, சாப்பிட்டு, கை நடுக்கம் நின்ற பிறகு கிளம்புங்கள். முதல் சில கிலோமீட்டர் ஸ்பீடோமீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள், எண்பது நாற்பது போலத் தெரியும்.

அன்று ராத்திரியே ஒவ்வொரு திருப்பத்துக்கும் நீங்கள் பிடித்த பிரேக் இடம், கியர், எங்கே பயந்தீர்கள் என்று எழுதி வையுங்கள், இரண்டு நாளில் மறந்துவிடும். சூட்டை ஈரத்தோடு பையில் போட்டு வைக்காமல் நிழலில் விரித்து உலர்த்துங்கள், வாடகை சூட் என்றால் கிழிசல் இல்லை என்று போட்டோ எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள்.

அந்த வாரத்துக்குள் வண்டியைப் பாருங்கள்: செயின் தளர்ச்சி, பேட் எவ்வளவு மிச்சம், காலிப்பர் போல்ட், ஆக்சில் நட், ஆயில் அளவு. டயரின் ஓரங்களில் ரப்பர் உருண்டு சிறு மணிகளாக ஒட்டியிருக்கும், அது இயல்பு, ஈரத் துணியால் துடைத்து அடியில் வெட்டு ஏதும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஆயிலை அடுத்த சர்வீஸ் வரை விடாமல் மாற்றிவிடுவது நல்லது. லீவர் பஞ்சுபோல் அமுங்கினால் பிரேக் ஆயிலையும் மறுபடி மாற்றுங்கள், ஆபீசுக்குப் போகும் வண்டியும் அதுதானே.